கத்தி உறையின் தையல்: கையா, எந்திரமா?

என் மேசையின் மீது இரண்டு தோலுறைகள் கிடக்கின்றன. ஒன்று, என் பாட்டனார் தம் குர்பானிக் கத்திக்காகச் செய்வித்தது. அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. மற்றொன்று, சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு திருநெல்வேலிக் கடைவீதி ஒன்றில் நான் விலைகொடுத்து வாங்கியது. முன்னது கையால் தைக்கப்பட்டது. பின்னது எந்திரத்தால் தைக்கப்பட்டது. முன்னது இன்றும் தன் கத்தியைத் தாங்கி நிற்கிறது. பின்னது, மேலப்பாளையத்தில் உறவினர் வீட்டுக் குர்பானிக்குக் கொண்டுசென்ற அன்றே ஓரம் பிரிந்து, கத்தியின் அலகு வெளியே நீட்டிக்கொண்டது. உறையோடு கத்தியை என் கையிலிருந்து வாங்கிய என் தங்கை மகனின் உள்ளங்கையில் மருத்துவர் மூன்று தையல் போடவேண்டியதாயிற்று.

இச்செய்தியைக் கல்லூரி ஆசிரியர் அறையில் சொன்னபோது இரண்டு தீர்ப்புகள் உடனே பிறந்தன. மூத்த உஸ்தாத் ஒருவர், "மௌலானா, கையால் செய்வதில்தான் பரக்கத்து இருக்கிறது. நபிமார்கள் கையால் உழைத்தவர்கள். எந்திரத்தில் செய்தது இப்படித்தான் போகும்" என்றார். ஆம்பூர்ப் பக்கத்தில் பெண் எடுத்த இளைய ஆசிரியர் ஒருவரோ, "ஹஸ்ரத், அது பழமையின் மேலுள்ள பாசம். எந்திரத் தையல் ஒரே சீரானது. கை அப்படி இருக்க முடியாது. உங்களுக்குக் கிடைத்தது மட்டமான சரக்கு, அவ்வளவுதான்" என்றார். இரு கூற்றுகளும் நம் சமுதாயத்தில் தோலுறையைக் குறித்து மட்டும் சொல்லப்படுபவை அல்ல. பாய், துணி, அச்சு, கல்வி என எதைப் பற்றிப் பேசினும் இவ்விரு குரல்களே எதிரெதிராக எழுகின்றன. ஆகவே இவ்விரண்டையும் ஒரு சிறு பொருளின் மீது வைத்து உரசிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறேன்.

தையலின் இயல்பு

முதலில் பொருளை அறிவோம். எந்திரத் தையலில் நூல்கள் இரண்டு. மேல் நூலை ஊசி துளைக்குள் இறக்குகிறது. அடியிலுள்ள கொக்கி அதனைப் பற்றிப் பாபின் நூலைச் சுற்றச் செய்கிறது. இரண்டும் தோலின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. 1846இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற எந்திரம் முதல் இன்று வரை இம்முறையின் அடிப்படை மாறவில்லை. மேல் நூல் மேற்புறத்திலேயே ஓடுகிறது. கீழ் நூல் கீழ்ப்புறத்திலேயே ஓடுகிறது. எனவே ஒருபுறத்து நூல் தேய்ந்தோ வெட்டுண்டோ போனால், மறுபுறத்து நூலைப் பூட்டி வைத்திருந்த பிடி தளர்ந்து, இழுக்க இழுக்கத் தையல் பிரிந்துகொண்டே போகும்.

குதிரைச் சேணம் தைப்போர் கையாண்ட இரட்டையூசித் தையல் வேறு வகையானது. அங்கு நூல் ஒன்றே. அதன் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் அவ்விரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் கடந்து செல்கின்றன. அதனால் ஒரு கண்ணியில் ஓர் இழை அறுந்தாலும் மற்றோர் இழை அதே துளைகளில் இருந்துகொண்டு தோலைப் பிடித்திருக்கிறது. மெழுகு பூசிய நூலாயின் அது துளையோடு ஒட்டிக்கொண்டு நகராமலும் இருக்கும். பாட்டனாரின் உறையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு இடங்களில் இழை அறுந்திருக்கிறது. தையல் மட்டும் பிரியவில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் மூத்த உஸ்தாதின் கட்சி வென்றது என்று எழுதிவிடலாம். ஆனால் நியாயம் அதற்கு இடம் தரவில்லை. பிரிந்த உறையைக் கவனித்தபோது அதன் நோய் தையலில் தொடங்கவில்லை என்பது தெரிந்தது. கத்தியுறையில் இரண்டு தோல்களுக்கு இடையே, அலகின் கூர்முனை படும் ஓரம் முழுவதும், ஒரு தோல் பட்டையை வைத்துச் சேர்த்துத் தைப்பது தொழிலறிந்தோர் வழக்கம். கத்தியைச் செருகும்போதெல்லாம் கூர் அந்தப் பட்டையில் உராயுமே தவிர, நூலைத் தொடாது. பாட்டனாரின் உறையில் அது இருக்கிறது. கடையில் வாங்கியதில் இல்லை. ஆகவே அலகு நேரே நூலை அறுத்தது. அறுந்த பிறகுதான் எந்திரத் தையலின் இயல்பான குறை வேலை செய்தது. ஒரு கண்ணி விட்டதும் வரிசை முழுவதும் விட்டது. குற்றத்தில் எந்திரத்தின் பங்கு பாதி. பட்டையை மிச்சம் பிடித்தவரின் பங்கு மீதிப் பாதி.

மேலும், கையால் தைப்பதெல்லாம் ஒரே தையலும் அன்று. தெருவோரத் தொழிலாளர் பலர் கையாளும் கொக்கி ஊசியைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். கொக்கி, தோலைத் துளைத்து அடியிலிருந்து நூலை வளையமாக மேலே இழுக்கிறது. அவ்வளையத்தினுள் மேல் நூலைச் செலுத்தி இறுக்குகிறார்கள். அமைப்பில் இது எந்திரத்தின் பூட்டுத் தையலே. செய்வது மட்டும் கை. ஆகவே கையா எந்திரமா என்ற கேள்வியே சற்றுப் பிழைபட்டது. நூல் துளையை எவ்வாறு கடக்கிறது என்பதே சரியான கேள்வி.

ஸர்த் என்னும் சொல்

இவ்விடத்தில் அரபு மொழி நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கித் தரப்பட்டதைக் கூறும் ஸபஉ அத்தியாயத்தின் 11ஆம் வசனம், நிறைவான கவசங்களைச் செய்யுமாறும் 'ஸர்த்' என்பதில் அளவைப் பேணுமாறும் பணிக்கிறது. நம் மொழிபெயர்ப்புகள் இச்சொல்லைக் கவச வளையங்களின் இணைப்பு என்று தருகின்றன, அது சரியே. ஆயினும் இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ, முரடும் கனமுமான பொருளைத் தைப்பதே ஸர்த் என்றும், தோலைத் தைப்பதும் கவசம் பின்னுவதும் அதில் அடங்கும் என்றும் விளக்குகிறார். இப்னு மன்ஸூரின் லிஸானுல் அரபும் தோல் தைத்தலை இச்சொல்லின் பொருள்களுள் வைக்கிறது. அதே வேரிலிருந்து வந்த 'மிஸ்ரத்' என்பது தோலைத் துளைக்கும் குத்தூசியைக் குறிக்கும்.

இவ்வசனத்துக்கு முஜாஹித் (ரஹ்) போன்ற முன்னோர் தந்த விளக்கம் ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து வந்தது போலவே இருக்கிறது. ஆணி மெலிந்தால் வளையத்துள் ஆடும். தடித்தால் வளையத்தை உடைக்கும். ஆகவே அளவோடு செய்க என்பது அதன் சாரம். இதைத் தோலுக்குப் பொருத்திப் பாருங்கள். துளை பெரிதாகி நூல் மெலிந்தால் தையல் ஆடும். துளைகள் நெருங்கிவிட்டாலோ, அஞ்சல் தலையின் ஓரத்தைப் போலத் தோல் அந்த வரிசையிலேயே கிழியும். கடையுறையின் தையல் பார்வைக்கு அழகாக, மிக நெருக்கமாக இருந்தது. வாங்கும்போது அந்த நெருக்கத்தையே நான் உறுதி என்று எண்ணினேன். அது அளவு தப்பிய நெருக்கம்.

அதே வேர்ச்சொல் மற்றோர் இடத்தில் கண்டனமாக வருவதையும் கவனிக்க வேண்டும். ஹதீஸ்களை விரைந்து தொடர்ச்சியாகச் சொல்லிக்கொண்டே போன ஒருவரைக் குறித்து அன்னை ஆயிஷா (ரலி), அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் உங்களைப்போல் இவ்வாறு 'ஸர்த்' செய்து பேசியதில்லை என்று சொன்னதாக புகாரியில் காண்கிறோம். கண்ணியோடு கண்ணி சேர்ப்பது புகழத்தக்கதாவதும் இகழத்தக்கதாவதும் அளவினால்தான். வசனம் வலியுறுத்துவது கையையன்று, கருவியையுமன்று. 'தக்தீர்' எனும் அளவறிதலை. எந்திரத்தின் கண்ணி நீளத்தையும் இறுக்கத்தையும் திருகி அமைப்பவரும் அளவறிந்தவராக இருக்கலாம். கையால் தைப்பவரும் அளவறியாதவராக இருக்கலாம்.

கருவி புனிதமா?

கைத்தொழிலை மட்டும் சுன்னத்தாக்கிப் பேசுவோர், நம் ஃபிக்ஹு நூல்கள் கருவிகளை எவ்வாறு நோக்கின என்பதையும் பார்க்கவேண்டும். முற்காலத் தோல் தைப்போர் நூலின் முனையில் பன்றியின் முடியைச் சேர்த்து ஊசியைப்போல் துளையில் செலுத்தினர். பன்றி முழுவதும் நஜீஸ் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. எனினும் ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீயின் ஹிதாயா, அம்முடியை விற்பதைத் தடுத்துவிட்டு, தைப்பதற்காக மட்டும் அதனைப் பயன்படுத்துவதை நிர்ப்பந்தம் கருதி அனுமதிக்கிறது. அத்தொழில் அஃதின்றி நடவாது என்பது அதன் காரணம். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இதனை வெறுத்தார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. பின்னர் அல்லாமா மக்திஸீ, தம் காலத்தில் மக்கள் அதன் தேவையற்றுப் போனார்கள் என்று குறித்ததை இப்னு ஆபிதீன் எடுத்தெழுதுகிறார். நிர்ப்பந்தம் நீங்கியது, அனுமதியும் நீங்கியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? ஃபுகஹாக்கள் பழைய கருவியைப் பழமைக்காகக் காக்கவில்லை. புதிய கருவியைப் புதுமைக்காக வரவேற்கவுமில்லை. வேலை எதைக் கோருகிறது என்று கேட்டார்கள். காலுறைமீது மஸஹ் செய்வதைப் பேசும் ஷாஃபிஈ நூல்கள், நீரை உள்ளே விடாத காலுறையாக இருக்கவேண்டும் என்று விதித்துவிட்டு, தையல் துளைகள் வழியே கசிவதை அதிலிருந்து விலக்கி வைக்கின்றன. தோல் தைப்பவனின் துளைக்கு நீர் கசியும் இயல்பு உண்டென்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. தொழிலின் இயல்பை அறியாமல் தொழிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அந்த மரபுக்கு உரியதன்று.

உறை எதற்காக?

அவ்வாறாயின் உறையின் வேலை என்ன? உருவிய வாளை ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்திருக்கின்றனர். ஹுதைபிய்யா உடன்படிக்கையில், மறு ஆண்டு மக்காவுக்குள் வரும் முஸ்லிம்கள் ஆயுதங்களை உறையிலிட்டே கொண்டுவர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஒரு நகரத்தின் அச்சம் நீங்குவதற்கு உறையே பிணையாக நின்றது. வெற்றிகளை ஈட்டிய முன்னோரின் வாள்களில் பொன்னும் வெள்ளியும் இருந்ததில்லை என்றும், 'அலாபீ'யும் ஈயமும் இரும்புமே இருந்தன என்றும் அபூஉமாமா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அலாபீ என்பது ஈரமாக இருக்கும்போதே உறையைச் சுற்றி இறுக்கிக் காயவிடும் கழுத்து நரம்பு என்று கத்தாபீ போன்றோர் விளக்குகின்றனர். அழகுக்காக அன்று, பிரியாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட வேலை அது.

ஆகவே உறை என்பது கத்தியின் ஆடை அன்று. பிறர் உடலுக்கான அமானத். எதைச் செய்தாலும் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் எனும் கருத்துள்ள அறிவிப்பை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் விமர்சனம் உண்டு. முஸ்லிமில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் போதுமானது. எல்லாவற்றிலும் இஹ்ஸான் விதிக்கப்பட்டிருக்கிறது என்று தொடங்கி, அறுப்பவர் தம் கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளட்டும் என்பது வரை அது இறங்கி வருகிறது. கத்தியைக் கூர்மையாக்குவது அறுக்கப்படும் பிராணிக்குச் செய்யும் இஹ்ஸான் என்றால், கூரான கத்திக்குப் பிரியாத உறை செய்வது பக்கத்தில் நிற்பவனுக்குச் செய்யும் இஹ்ஸான் ஆகும்.

இந்த அளவுகோலின்படி என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணப்பை, இடைவார், புத்தகப்பை ஆகியவற்றுக்கு எந்திரத் தையல் போதும்; நல்ல நூலும் தக்க அளவும் இருந்தால் அதில் குறை காண்பது வீண். கத்தியுறைக்கு இரட்டையூசித் தையலே மேல். காரணம் பரக்கத்து பற்றிய ஊகம் அன்று. நூல் அறுபடும் வாய்ப்பு எப்போதும் உள்ள இடத்தில், ஓரிழை போனாலும் மற்றோரிழை நிற்கும் தையல் வேண்டும் என்பதே. இளைய ஆசிரியர் சொன்ன சீர்மை பார்வைக்குரிய நற்குணம். இவ்விடத்தில் அது பாதுகாப்புக்கு ஈடாகாது. தோலும் கருதத்தக்கது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் விறைத்து நின்று கத்தியின் வடிவை ஏற்கும். குரோமிய உப்பால் பதனிட்ட மென்தோல் மேலாடைக்கும் செருப்பின் மேற்பாகத்துக்கும் ஏற்றது. அதில் எஞ்சும் உப்பு இரும்பை அரிக்கவும் கூடும்.

தைப்பவர் யார்?

இத்துடன் கட்டுரை முடிந்திருக்கலாம். ஆனால் கையா எந்திரமா என்று வாதிடும் இரு கட்சியினரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. அந்தக் கை யாருடையது?

நம் வரலாற்றில் தோல் தைத்த கைகள் இழிவாகக் கருதப்பட்டதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) கூறுகிறார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை தர்மம் செய்தார்கள். வக்ஃபுச் சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்றை எழுதி, ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி இமாமுக்கு 'அல்கஸ்ஸாஃப்' என்பதே பெயராக நிலைத்தது. செருப்புத் தைப்பவர் என்று பொருள். ஸூஃபிகளுள் அபூஸயீத் 'அல்கர்ராஸ்', அதாவது தோல் தைப்பவர். நம் மாணவர்கள் இப்பெயர்களை மனனம் செய்கிறார்கள்; பொருளைச் சிந்திப்பதில்லை.

நம் தாமிரபரணிக் கரையில் நிலைமை வேறாக இருந்தது. கால்வாய் நீர் ஏறாத மேட்டுக் கிணறுகளில் கமலை இறைத்த காலத்தில், கூனையின் அடியில் நீர் கசியாதபடி தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தையலால்தான் தோட்டம் விளைந்தது. தைத்தவரோ ஊருக்கு வெளியே இருத்தப்பட்டார். கஸ்ஸாஃபின் பெயரை மரியாதையுடன் உச்சரிக்கும் நாமும் அந்த விலக்கத்தை எதிர்த்து அதிகம் பேசியவர்கள் அல்லர்.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் நம் சமுதாயத்தவர் முன்னின்று வளர்த்த தோல் தொழில், உலகச் சந்தைக்குச் செருப்பனுப்பும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அங்கே பெருந்தொழிற்சாலைகளின் எந்திரங்களோடு கைத்தையலும் இருக்கிறது. சிலவகைக் காலணிகளின் மேற்பாகத்தைப் பெண்கள் தம் வீடுகளில் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். கூலி ஜோடிக் கணக்கில். 2016இல் பெங்களூரின் சிவிடெப் நிறுவனமும் பிரிட்டனின் இரு அமைப்புகளும் வெளியிட்ட ஓர் அறிக்கை, ஆம்பூர்ப் பகுதியின் இத்தகைய பெண்களைப் பற்றியது. மிகக் குறைந்த கூலி, ஒப்பந்தமோ ஓய்வூதியமோ இன்மை, முதுகுவலி ஆகியவற்றை அது பதிவு செய்தது. ஐரோப்பியக் கடையில் 'கையால் தைத்தது' என்பதற்காகவே கூடுதல் விலை பெறும் பொருளில், தைத்த கைக்குச் சேர்வது சில ரூபாய்கள். கைத்தொழிலில் பரக்கத்து உண்டென்று சொல்பவர், அது யாருடைய வீட்டில் இறங்குகிறது என்றும் சொல்லவேண்டும்.

இங்கே பத்தமடையிலும் இதே கதையின் வேறொரு வடிவத்தைக் காணலாம். தாமிரபரணிக் கோரையை ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்து, நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்த பட்டுப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நிக்காஹ் பாயில் மணமக்கள் பெயரை நெய்வித்துப் பெருமைப்படுகிறோம்; வீட்டில் விரிப்பது பிளாஸ்டிக் பாய். புகழ்ந்து பேசுவதால் நெய்பவருக்கு ஒரு நாள் கூலியும் கூடுவதில்லை.

என்னையும் இக்குற்றச்சாட்டிலிருந்து நான் விலக்கிக்கொள்ள முடியாது. பிரிந்த உறையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிச் சந்திப்பின் அருகே தெருவோரம் அமர்ந்திருக்கும் தொழிலாளி ஒருவரிடம் சென்றேன். அவர் உறையைத் திருப்பிப் பார்த்ததும், "நடுவிலே பட்டை இல்லையே பாய், கத்தி நூலைத்தானே தின்னும்" என்றார். பிறகு, "கொக்கி ஊசியிலே தைக்கவா, ரெட்டை ஊசியிலே தைக்கவா? கத்திக்கு ரெட்டை ஊசிதான் நிற்கும், நேரமாகும்" என்றார். இக்கட்டுரையில் நான் பல பத்திகளில் நிறுவ முயன்றதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்தார். நூற்றைம்பது ரூபாய் கேட்டார். நான் நூற்றிருபதுக்குப் பேரம் பேசினேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

முக்கால் மணிநேரம் அவர் தைத்தார். பழைய துளைகளைத் தவிர்த்துப் புதிய வரிசையில் குத்தூசியால் துளையிட்டு, பட்டை வைத்து, மெழுகு தேய்த்த நூலால் ஒவ்வொரு கண்ணியையும் இருபுறமும் இழுத்து இறுக்கினார். கத்தியைச் செருகி, உருவி, மீண்டும் செருகி, பிடியை என் பக்கமாகத் திருப்பி உறையோடு நீட்டினார். பேருந்தில் ஏறி அமர்ந்த பின்னர்தான் நினைவு வந்தது: அந்த உறையைக் கடையில் வாங்கியபோது அச்சிட்ட விலை அறுநூற்றைம்பது ரூபாயை ஒரு சொல்லும் பேசாமல் எண்ணிக் கொடுத்திருந்தேன்.

மறுவாரம் சென்று மீதி முப்பது ரூபாயைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். கணக்கில் விட்டுப்போனது என்றேன்.